முதலிடத்தில் இருந்த குரல்

வட ஸ்வீடனில் இருக்கும் எங்கள் ஷெலெஃப்தியோ ஊரில் ஒருவர் 'நான் நன்றாகப் பாடுவேன்' என்று தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் உடனே ஜன்னலைப் பார்ப்பார்கள். பனி பெய்கிறதா என்று. ஜூலை மாதமாக இருந்தாலும் பார்ப்பார்கள். அந்த ஊரில், ஓய்வு பெற்ற கிழங்கள் மட்டுமே குடியிருக்கும் எங்கள் ஐந்து மாடிக் கட்டிடத்துக்குள், யார் எவ்வளவு நன்றாகப் பாடினார்கள் என்று எண் போட்டுப் பெயரோடு டிவியில் காட்டுகிற ஒரு விளையாட்டு வந்து சேர்ந்தது. வந்த நாளிலிருந்து எங்களில் ஒருவரும் ஒழுங்காக இல்லை.

விளையாட்டின் பெயர் 'லினேயாவோடு பாடு'. லினேயா யாரென்று உலகத்துக்கே தெரியும், அதாவது எங்கள் உலகத்துக்கு. ஒரு அக்கா, ஒரு தங்கை, நடுவில் மீசை வைத்த ஒரு ஆள். எழுபதுகளில் அவர்கள் பாடாத கல்யாணம் இல்லை, அவர்கள் முகம் ஒட்டாத பேருந்து நிறுத்தம் இல்லை. அந்தத் தங்கைக்காரி வெள்ளை பூட்ஸ் வாங்கியது எங்கள் கடையில்தான் என்று மார்தட்டும் கடைகள் எங்கள் ஊரில் குறைந்தது பதினான்கு இருக்கும். அதில் மூன்று மீன் கடை.

விளையாட்டில் அவர்கள் பாட்டு மட்டும்தான். பாட்டைத் தேர்ந்தெடுத்தால் இசை வரும், வரிகள் ஓடும், மேலே சாம்பல் நிறத்தில் கோடுகள் ஏறி இறங்கும். மைக்கில் நாம் சரியான சுருதியில் பாடினால் கோடு தங்கமாகும். கடைசியில் எண். ஒவ்வொரு பாட்டிலும் அதிக எண் வாங்கியவரின் பெயரையும் குரலையும் பெட்டி தனக்குள் வைத்துக்கொள்ளும். அடுத்து யார் அந்தப் பாட்டைத் தொட்டாலும், முதலிடத்துக்காரரின் குரலில் கொஞ்சம் பாடிக் காட்டிவிட்டுத்தான் மைக்கைத் திறக்கும். அவரை வேறொருவர் மிஞ்சினால் புதுக்குரல் உள்ளே வரும், பழைய குரல் போய்விடும். பெட்டிக்கு ஒரு பாட்டுக்கு ஒரு குரல்தான் கொள்ளும்.

அந்தப் பெட்டி மூன்றாம் மாடியில் இருக்கும் குன்வோருக்கும் அவள் கணவர் ஈவாருக்கும் கிறிஸ்துமஸ் பரிசாக வந்தது. ஸ்டாக்ஹோமில் இருக்கும் மகள் அனுப்பியிருந்தாள். ஜனவரி முழுக்க அதைக் கீழே பொது அறையில் வைத்து வியாழக்கிழமைகளில் எல்லோரும் பாடினோம். குன்வோர் தேவாலய அலுவலகத்தில் வேலை பார்த்தவள், பாடகர் குழுவில் நாற்பது வருடம் முன்வரிசை. நான் சீவ். நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழித்தவள். எனக்கும் குரல் உண்டு. 'ஓடாதே, வழுக்கும்' என்று கத்திக் கத்தி வளர்த்த குரல். ஆகவே எந்தப் பாட்டை எடுத்தாலும் முதலில் குன்வோர், இரண்டாவது சீவ். 'கடைசிப் படகு' என்ற பாட்டில் மட்டும் அவள் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் நடுவே ஒரு போத்னியா வளைகுடா கிடந்தது. அவள் என் உயிர்த் தோழி. உயிர்த் தோழிக்குப் பின்னால் இரண்டாவதாக நிற்பது எவ்வளவு சுகம் என்று சொல்பவர்கள் யாரும் இரண்டாவதாக நின்றதில்லை.

அடித்தளத்தில் எங்கள் சானா, நீராவிக் குளியல் அறை இருக்கிறது. புதன்கிழமை மாலை பெண்களுக்கு. ஒருநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பலகையில் வேர்த்துக்கொண்டிருந்தோம். கல்லில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குன்வோர் சொன்னாள்:

"சீவ், ஒன்னு சொல்றேன். வெளிய போகக் கூடாது."

"இந்த நெலைமையில நான் எங்கடி வெளிய போவேன்?"

"அந்தப் பெட்டிக்கு வார்த்தையே கேக்காது. சுருதி மட்டும்தான் கேக்கும். வாய மூடிக்கிட்டு உம்முனு முனகினாலே போதும். மூச்சு வீணாகாது, நாக்கு தடுக்காது, எல்லாக் கோடும் தங்கமாயிடும். ஒரு நாள் தொண்டை வலிக்குதுன்னு முனகினேன், அப்பத்தான் தெரிஞ்சுது."

"அப்ப நீ வாங்கினதெல்லாம் முனகி வாங்கினதா?"

"போடி. நான் வார்த்தையோடதான் பாடினேன். முனகி வாங்கின எண்ண அப்பவே அழிச்சுட்டேன். இது உனக்கும் எனக்கும் மட்டும். பாட்டுன்னா வார்த்தை இருக்கணும். நாம இதச் செய்யக் கூடாது."

"செய்ய மாட்டேன்," என்றேன் நான். வேர்வையோடு கைகொடுத்தோம். இரண்டு நிர்வாணக் கிழவிகள் செய்துகொண்ட ஒப்பந்தம். ஐக்கிய நாடுகள் சபையில்கூட இவ்வளவு ஒளிவுமறைவில்லாத ஒப்பந்தம் நடந்திருக்காது.

அந்தப் பிப்ரவரியில் குன்வோரின் மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. கால் சரியானது, கை பாதி சரியானது, பேச்சு போய்விட்டது. எங்கள் வடக்கில் ஆமாம் என்பதற்கு வாயைத் திறந்து சொல்வதில்லை, உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுப்போம், அவ்வளவுதான். அந்த மூச்சு அவளுக்கு மிஞ்சியது. 'நேய்' என்கிற 'இல்லை' மிஞ்சியது. மூன்றாவதாக மிஞ்சியது 'பிசாசே' என்ற வசவு. நாற்பது வருடம் பாதிரியார்களுக்குக் கடிதம் தட்டச்சு செய்தவளின் வாயில் கடவுள் விட்டுவைத்தது பிசாசை. இதைச் சொல்லி நான் சிரித்தபோது அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு என்மேல் கோபம் இல்லை.

ஈவார் பாட்டுப் பெட்டியை மேலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஒருவரிடம் ஏன் என்று கேட்பது எங்கள் ஊரில் அவர் வீட்டு அலமாரியைத் திறப்பது போல.

ஆகஸ்ட் வந்தது, சிங்கி விருந்து வந்தது. நன்னீர்ச் சிங்கி இறாலைச் சதகுப்பைத் தண்டு போட்டு உப்பு நீரில் வேகவைத்து, ஆறவைத்து, தலையில் காகிதத் தொப்பியும் கழுத்தில் குழந்தைகளுக்குக் கட்டுகிற எச்சில் துணியும் கட்டிக்கொண்டு, பாட்டுப் பாடி ஸ்னாப்ஸ் சாராயம் குடித்து, விரல் வழியாகச் சாறு ஒழுக உறிஞ்சுவது. வருடம் முழுக்கப் பேசாமல் இருப்பவர்கள் அன்று ஒரு இரவு பேசுவார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் ராக்னார் ஈவாரிடம் போய், அந்தப் பாட்டுப் பெட்டியைக் கொஞ்சம் கீழே கொண்டுவர முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்லத் தெரிந்த மனிதராக ஈவார் பிறக்கவில்லை. உருக்காலையில் வேலை பார்த்தவர், கொதிக்கிற செம்பு காலில் தெறித்தாலும் 'கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு' என்பார்.

பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். டிவியில் மாட்டினார். பின்னாலேயே குன்வோர் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். ஈவார் தொண்டையைச் செருமிக்கொண்டு அறையைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தக் 'கடைசிப் படகு' பாட்டு மட்டும்... அதப் பாடணும்னு அவசியம் இல்லன்னு நெனைக்கிறேன்."

எங்கள் வடக்கில் இதற்கு அர்த்தம் முள்வேலி, அகழி, பின்னால் துப்பாக்கியோடு ஒரு ரெஜிமெண்ட். ஆனால் என் கணவர் தூரே யேத்தபோரிக்காரர். தெற்கே அந்தத் துறைமுகத்து மனிதர்கள் ஒரு விஷயத்தை மூன்று முறை சொல்லி, நான்காவது முறை அதைவைத்து நகைச்சுவை செய்வார்கள். எங்கள் ஊரில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியும் தூரேவுக்கு எங்கள் மௌனம் புரியவில்லை. அவசியம் இல்லை என்றால் விருப்பம் இருந்தால் பாடலாம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

எனக்குப் புரிந்தது. நான் அங்கேயே பிறந்தவள். மனைவியின் முதலிடத்தைக் காவல் காக்கிறார் ஈவார் என்று நினைத்தேன். அவளால் இனிப் பாட முடியாது, அப்படியிருந்தும் அவள் பெயர் மட்டும் மேலே ஜொலித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று ஒரு சின்னப் புழு உள்ளே நெளிந்தது. சின்னப் புழு என்று எழுதுகிறேன். மற்றதையெல்லாம் பெரிதாக்கிச் சொல்கிற எனக்கு இதை மட்டும் சின்னதாக்கிச் சொல்ல வருகிறது.

தூரே அன்று மூன்று பாட்டுப் பாடினார். கேட்டவர்களில் பாதிப் பேர் காதுக்கருவியைக் கழற்றிவைத்தார்கள். கடைசி இடத்துக்கும் கீழே ஒரு இடம் இருந்திருந்தால் பெட்டி அதைத் தந்திருக்கும். நான் சமையலறையில் சீஸ் அடையைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார்.

"சீவ், இந்த ராக்னார் என்னப் பாத்து, பிரேக் பிடிச்ச பஸ் மாதிரி பாடுறன்னு சொல்றான். ஒரே ஒரு பாட்டுல ஜெயிச்சுக் காட்டணும். ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு."

"என்னது?"

சொன்னேன். சானா அறையில் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். கத்தியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"அடிப்பாவி," என்றார் தூரே மகிழ்ச்சியாக. "இத வெச்சுக்கிட்டா இவ்வளவு நாளா சும்மா இருந்த? எந்தப் பாட்ட எடுக்கலாம்?"

"எத வேணா எடு," என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். "மெதுவான பாட்டுன்னா முனக வசதி. 'கடைசிப் படகு' மெதுவான பாட்டு."

தூரே தொப்பியை நேராக்கிக்கொண்டு போனார். மஞ்சள் தொப்பி, நெற்றியில் சிரிக்கும் நிலா. பாட்டைத் தேர்ந்தெடுத்தார். உடனே பெட்டி தன் வழக்கப்படி முதலிடத்துக்காரரின் குரலை எடுத்துவிட்டது. குன்வோரின் குரல். அகலமான, அவசரமில்லாத குரல். ஒவ்வொரு சொல்லையும் தட்டில் எடுத்துவைப்பது போலப் பாடினாள். அறையில் சிங்கி உறிஞ்சும் சத்தம் நின்றது. குன்வோர் சோபாவில் உட்கார்ந்தபடி உதட்டை அசைத்தாள். அந்தக் குரலோடு கூடவே ஏதோ ஒரு சொல் அவள் வாயிலிருந்து அரைகுறையாக வந்ததை நான் சமையலறை வாசலிலிருந்து கேட்டேன். ஏதோ சத்தம் என்று நினைத்தேன்.

ஈவார் பாதி எழுந்தார். பாதி எழுந்ததை நாற்காலியைச் சரிசெய்வதுபோல மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ராக்னார் ஒரு சிங்கியின் கொடுக்கை உடைத்து, அதற்குள் எதுவுமே இல்லாததுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரே வாயை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கன்று போடப்போகிற பசு, குளிர்பதனப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் அப்படி இருக்கும். கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தங்கமாயின. எங்கள் வீடுகளில் டிவியில் யாராவது தன்னைத்தானே கேவலப்படுத்திக்கொண்டால் முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு தலையணை வைத்திருப்போம், வெட்கத் தலையணை என்று பெயர். மற்றவருக்காக நாம் வெட்கப்படுவதற்கென்றே உள்ள பொருள். ராக்னாரின் மனைவி சோபாத் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். தலையணைகளுக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின. நானும் சிரித்தேன். சத்தமாக.

எண் வந்தது. குன்வோரை ஒரு மயிரிழையில் தாண்டியிருந்தது. திரையில் நட்சத்திரங்கள் வெடித்தன, பெயரை எழுதச் சொன்னது. தூரே எழுதினார். பிறகு குனிந்து வணங்கினார் பாருங்கள், அந்த வணக்கத்துக்கு முதுகெலும்பு முறிகிற சத்தம் ஃபின்லாந்து வரை கேட்டிருக்கும். யாரும் கைதட்டவில்லை.

ஈவாரின் கை மேசைமேல் கிடந்தது. கையிலிருந்த சிறு குவளை சாய்ந்து ஸ்னாப்ஸ் மேசை விரிப்பில் பரவியது. அவர் அதை நிமிர்த்தவில்லை.

குன்வோர் தூரேவைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். பிறகு திரும்பிச் சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பிசாசே என்றுகூடச் சொல்லவில்லை. அவள் உலகத்தில் ஒரே ஒருத்தியிடம்தான் அந்த ரகசியத்தைச் சொல்லியிருந்தாள். அது வெளியே வந்துவிட்டால் யார் வழியாக வந்திருக்கும் என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பேச்சு தேவைப்படவில்லை. என் சிரிப்பு வாயிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"பரவால்ல, ஒன்னும் ஆகல," என்றார் ஈவார் பொதுவாக. "குன்வோர் கொஞ்சம் களைச்சுட்டா." கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டினார். இருவரும் மேலே போனார்கள்.

பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த ராக்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அவ தினமும் காலைல அதோடதான் பாடுவா."

"எதோட?"

"அவ குரலோட. பேச்சுப் பயிற்சி குடுக்குற அம்மா சொல்லியிருக்காங்க. சொந்தக் குரலக் கேட்டுக் கூடவே பாடினா வார்த்தை கொஞ்சம் கொஞ்சமா வரும்னு. ஒரு மாசமா ரெண்டு மூணு வார்த்தை வருது. பக்கத்து வீடுதான, எங்க சுவர்ல நல்லாக் கேக்கும்."

எனக்குக் கையில் நுரை.

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் ஏன் சொல்லல ராக்னார்? தூரே மைக்க எடுத்தப்ப அங்கதான உக்காந்திருந்த?"

"ஈவாரே சொல்லல. நான் எப்படிச் சொல்றது? சுவத்துல காது வெச்சுக் கேட்டேன்னு ஆகாதா?"

"பெட்டிய நீதான கீழ கேட்ட?"

"குடுக்க மாட்டாருன்னு நெனச்சேன்," என்றார் ராக்னார். அவர் முகம் சிங்கி நிறத்தில் இருந்தது.

லிஃப்டில் தூரேவிடம் சொன்னேன். அவர் இன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. நிலா சிரித்துக்கொண்டிருந்தது, கீழே அவர் முகம் வெளுத்தது. தூரே எங்கள் மாடியில் இறங்காமல் அப்படியே நின்றார். லிஃப்ட் ஐந்தாம் மாடிக்குப் போய்த் திரும்பி வந்தது.

"அவ குரல நான் அழிச்சுட்டேனா?"

"ம்."

"அந்தப் பாட்டு அவ குரல்ல வேற எங்கயும் இருக்காதா?"

"தெரியல."

கதவருகே வந்ததும் அவரே சொன்னார்: "அந்த முனகற வித்தையை நீதான் சொன்னன்னு யாருக்கும் தெரிய வேணாம். நான்னா யாருக்கும் புதுசா அதிர்ச்சி வராது. யேத்தபோரிக்காரன், வாயாடி, அவ்வளவுதானேன்னு விட்டுருவாங்க. உனக்கு அவ தோழி."

வேண்டாம் தூரே, நானே சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சாவியைத் தேடினேன்.

எங்கள் ஊரில் அழைக்காமல் யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. ஒரு மாடி ஏறினால் போதும், ஆனாலும் தூரே செய்தி அனுப்பினார். பதில் வர ஒரு நாள் ஆனது. 'நாளை இரண்டு மணிக்குக் காப்பி.' நான் ஏலக்காய் ரொட்டி சுட்டேன். குற்ற உணர்ச்சியில் சுட்டதால் ஒரு படைப்பிரிவுக்குப் போதுமான அளவு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே போனோம். தூரேவின் காலுறையில் ஓட்டை. பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதுதான் எங்கள் நால்வரில் நிமிர்ந்து நின்றது.

"ஈவார், நான் பண்ணுனது..." என்று தூரே ஆரம்பித்தார்.

"பரவால்ல."

"இல்ல, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சத்தியமா..."

"ஒன்னும் ஆகல. காப்பி ஆறுது."

"உங்க மககிட்ட கேட்டியா? அந்தப் பெட்டிக்குள்ள எங்கயாவது பழசு..."

"கேட்டோம். போனது போனதுதானாம்." ஈவார் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார், நான்காகப் பிய்த்தார், சாப்பிடவில்லை. "மத்த பாட்டுல அவ குரல் இருக்கு, ஆனா எல்லாம் வேகப் பாட்டு, வாய் எட்டல. லினேயா பாடுறதோடயும் பாடிப் பாத்தா. மூணு குரலும் பின்னிக்கிட்டு வேகமா ஓடிடுது. இவளுக்குப் பிடிபடல. அவ குரல்னா அவ வாய்க்கு வழி தெரியும்."

குன்வோர் எழுந்துபோய் டிவியைப் போட்டாள். 'கடைசிப் படகு'. பெட்டிக்கு இங்கிதம் கிடையாது. முதலிடத்துக்காரர் தூரே என்று பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, அவர் முனகலை எடுத்துவிட்டது. அந்தச் சின்ன அறையில், காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே, பகல் வெளிச்சத்தில், அந்தத் துண்டு முழுசாக ஓடியது. பின்னணியில் என் சிரிப்பும் பதிவாகியிருந்தது. தெளிவாகக் கேட்டது. இந்த வயதில் என் உடம்பில் இவ்வளவு ரத்தம் இருக்கிறதா என்று ஆச்சரியப்படும் அளவுக்கு அத்தனையும் முகத்துக்கு ஏறியது.

குன்வோர் மைக்கை எடுத்தாள். இசை வந்தது. வாயைத் திறந்தாள். உதடு ஒரு பக்கம் இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வரவில்லை. கோடுகள் சாம்பலாகவே போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு முனகத் தெரியும். அந்த வித்தையைக் கண்டுபிடித்ததே அவள். முனகியிருந்தால் எல்லாம் தங்கமாகியிருக்கும். அவள் முனகவில்லை. பாட்டு முடியும்வரை வாயைத் திறந்தபடி நின்றாள். எண் வரும் இடத்தில் ஒரு பூஜ்யம் வந்தது.

"பிசாசே," என்றாள்.

ஈவார் மைக்கை மெல்ல வாங்கி வைத்தார். பிறகு, பேச்சை மாற்றுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன், தூரேவிடம் கேட்டார்:

"ஒன்னு மட்டும் புரியல. முனகினா போதும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் அந்தப் பெட்டியோட எத்தன நாளா மல்லுக்கட்டுறேன், எனக்கே தெரியாது."

"அது வந்து," என்றார் தூரே. "பஸ் ஓட்டறப்ப பாடக் கூடாதுன்னு சட்டம். அதனால வாய மூடிக்கிட்டே பாடுவேன். பழக்கம். தானா வந்துடுச்சு."

அவர் எனக்காகச் சொன்ன பொய்களிலேயே மோசமான பொய் அது. ஈவார் தலையாட்டினார். குன்வோர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தன்று பார்த்த அதே பார்வை, ஆனால் இப்போது அதில் கோபத்தைவிட மோசமான ஒன்று இருந்தது. காத்திருந்தாள். இவள் இப்போதாவது வாயைத் திறப்பாளா, அல்லது இந்தக் கிழவன் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ரொட்டி தின்பாளா என்று. பேச்சுள்ள ஒருத்தி பேசாமல் இருப்பதைப் பேச்சில்லாத ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

தூரே என் காலை மிதித்தார். ஓட்டைக் காலுறை, வலிக்கவில்லை.

"நான்தான் ஈவார். குன்வோர் என்கிட்ட சொன்னத நான் இவர்கிட்ட சொன்னேன். பாட்டையும் நான்தான் எடுத்துக் குடுத்தேன். அவசியம் இல்லன்னு நீங்க சொன்னது எனக்குப் புரிஞ்சுது. நல்லாவே புரிஞ்சுது. ஒரு தடவையாவது அவ கீழ எறங்கட்டும்னு நெனச்சேன். அவ ஒடம்பு சரியில்லாம இருக்கறப்பத்தான் எனக்கு அது தோணுச்சு."

ஈவார் ஜன்னலைப் பார்த்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் இந்த முறை பரவாயில்லை என்று சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கத்தில் அவர் அதைச் சொல்லாமல் விட்ட ஒரே தடவை அதுதான்.

குன்வோர் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தாள். ஆமாம். எனக்குத் தெரியும் என்று.

பிறகு இன்னொரு மைக்கை எடுத்து என் மடியில் போட்டாள். பாட்டை மறுபடி தேர்ந்தெடுத்தாள். மறுபடி தூரேவின் முனகல், மறுபடி என் சிரிப்பு. தூரே எழுந்து, "இந்தச் சனியன அழிச்சுடலாமே, என் பேரையாவது எடுத்துடுங்க," என்று ரிமோட்டை நோக்கிக் கை நீட்டினார். "நேய்," என்றாள் அவள். அவர் உட்கார்ந்துகொண்டார்.

இசை வந்ததும் என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரையைப் பார்க்க விடவில்லை. நான் அவளைப் பார்த்துப் பாட வேண்டும், அவள் என் வாயைப் பார்ப்பாள். எனக்குப் புரிந்தது. பாடினேன். நீச்சல் குளத்துக் குரல், ஏலக்காய் ரொட்டி தொண்டையில். மூன்றாவது சொல்லில் சுருதி வழுக்கியது. "நேய்." மறுபடி முதலிலிருந்து. மறுபடி அந்த முனகல், அந்தச் சிரிப்பு. ஒவ்வொரு முறை நான் தப்பு செய்தபோதும் பெட்டி எங்களுக்கு அதை முதலில் போட்டுக்காட்டிவிட்டுத்தான் பாட விட்டது. அன்று எத்தனை முறை கேட்டோமோ தெரியாது. மேல் மாடிக்காரர்கள் இரண்டு பேர் வீடு மாறுவதைப் பற்றி யோசித்ததாகக் கேள்வி.

அன்றிலிருந்து தினமும் காலையில் நான் மூன்றாம் மாடிக்கு ஏறுகிறேன். செய்தி அனுப்பவேண்டியதில்லை, கதவு திறந்தே இருக்கும். நாங்கள் காப்பி குடிப்பதில்லை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, முழங்கால்கள் இடிக்கும் தூரம். சானாவுக்கு அவள் என்னோடு வருவதில்லை. புதன்கிழமைகளில் நான் போகும்போது அவள் துண்டோடு வெளியே வந்துகொண்டிருப்பாள், ஒதுங்கி வழிவிடுவாள், புதிதாகக் குடிவந்தவளுக்கு விடுவதைப் போல. ராக்னார் லிஃப்டில் என்னைப் பார்த்தால் எங்கள் சுவர் ரொம்ப மெல்லிசு என்று மட்டும் சொல்வார். கட்டிடத்தில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

முதல் பனி விழுந்து, வண்டிகளுக்கெல்லாம் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர் மாட்டிய வாரம். நான் வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தேன். பல்லவியில் படகு துறையை விட்டு நகர்கிற இடம் வரும். அங்கே ஒரு நொடி இழுத்து நிற்க வேண்டும். நான் நின்றேன். அந்த இடைவெளியில் அவள் வாய் என் வாயைப்போலவே குவிந்தது.

"படகு," என்றாள் குன்வோர்.

முனகல் இல்லை, அரைகுறையும் இல்லை. முழுச் சொல். சுருதி அரை இழை மேலே இருந்தது. சமையலறையில் ஈவார் கையிலிருந்து ஏதோ விழுந்து உருண்டது. அவள் நாற்காலியோடு திரும்பி அவரைப் பார்த்து இன்னொரு முறை சொன்னாள், படகு என்று, கடையில் வாங்கிய புதுப் பாத்திரத்தைத் தட்டிக் காட்டுவதுபோல. அவர் வாசலில் நின்று மூச்சை உள்ளே இழுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை யாரும் பார்க்கவில்லை. என் வாயிலிருந்துதான் அந்தச் சொல்லை அவள் எடுத்தாள் என்று எனக்குள் ஒரு பெருமை தலையைத் தூக்கியது. தூக்கியதும், அவளிடம் முன்பே ஒரு மாதத்து வார்த்தைகள் இருந்தன என்பதும் அவை எப்படிப் போயின என்பதும் நினைவுக்கு வந்தன. கண்ணைத் தாழ்த்தி மைக்கின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குன்வோர் ஈவாரிடமிருந்து பார்வையை எடுக்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, என் முழங்காலை இரண்டு தட்டுத் தட்டினாள். அடுத்த வரி.

பாடினேன்.